'அசிமிலேட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் போன்றது, ஒத்தது. 'சிமிலர்' என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். அதற்கு முன்னால் 'அத்' என்ற ஒட்டு சேர்ந்தது. ஒன்றைப் போலவே இன்னொன்றை ஆக்குவது என்று பொருள் வந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த ஒட்டுக்கு நேர்ந்த கதி. பக்கத்தில் வந்த 'ஸ்', அதிலிருந்த 'த்'தையும் 'ஸ்' ஆக்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'எஸ்' வருவது அதனால்தான். சொல்லின் பொருள் சொல்லுக்குள்ளேயே நடந்திருக்கிறது! மொழியியலில் இந்த மாற்றத்துக்கும் அதே பெயர்தான். நமக்கும் இது பழகியதே: நல்ல நூல் 'நன்னூல்' ஆகும்போது 'ல்', 'ந்' இரண்டுமே 'ன்' ஆகிவிடுகின்றன.

ஆங்கிலத்துக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்தபோது இது முதலில் உணவைப் பற்றிய சொல். நம் பள்ளிப் பாடநூல்களில் 'தன்மயமாதல்' என்று படித்திருப்பீர்கள். பலர் 'உட்கிரகித்தல்' என்று எழுதுகிறார்கள்; அது பாதி வழிதான். காலையில் சாப்பிட்ட இட்லியில் உள்ள உளுந்தின் புரதம் அமினோ அமிலங்களாக உடைவது செரிமானம். அவை சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் வழியாக ரத்தத்தில் சேர்வது உட்கிரகித்தல். அவற்றை வைத்து செல்கள் உங்கள் தசைக்கான புரதத்தைக் கட்டுகின்றன பாருங்கள், அதுதான் தன்மயமாதல்.

'தன்மய' என்பதும் வடமொழியில் 'தத்', 'மய' சேர்ந்தது; 'ம' வந்ததும் 'த்' இங்கே 'ன்' ஆகிவிட்டது. 'அதுவாகவே ஆன' என்று பொருள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்கழிக் கச்சேரியில் தோடியில் தன்மயமாகி உட்கார்ந்திருக்கும் ரசிகர், ராகமாகவே ஆகிவிடுகிறார். இட்லி விஷயத்தில் இட்லிதான் நாமாகிறது. அதனால் மொழிபெயர்க்கும் முன்பு யார் யாராக மாறுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் மார்வாரி, கடையில் தமிழ் என்று வாழும் சவுகார்பேட்டைக் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லைப் போடுவது தப்பு. அவர்கள் ஊரோடு இணைந்து வாழ்பவர்கள். வீட்டு மொழியும் பழக்கமும் மறைந்து, அக்கம்பக்கத்தாரிடமிருந்து பிரித்தே பார்க்க முடியாமல் போனால்தான் 'அசிமிலேட்' ஆகிவிட்டார்கள் என்று சொல்லலாம்.