சாவிக்கொத்து: கடிதம்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

போன வாரம் டிவியில் மத்தியானப் பேட்டி ஒன்றுக்கு ஒரு சீரியல் நடிகை வந்திருந்தார். கண்டாங்கி கட்டிக்கொண்டு வெள்ளைப் பணியாரம் ஊற்றிக் காட்டினார். கடைசியில் இறந்துபோன அம்மாவைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டார். என் மனைவியும் கூடவே அழுதாள். "காசு வாங்கிட்டு அழுறவங்களுக்கு நீ ஏன் அழுற?" என்று சிரித்தேன். இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை. அந்த அழுகை உண்மையா, நடிப்பா? நீங்களே சொல்லுங்கள். அடுத்த மாதம் அவர் காரைக்குடிக்குக் கடைத் திறப்புக்கு வருகிறாராம். போய்ப் பார்க்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறாள்.

சொ., தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் வீட்டில் போய் மன்னிப்புக் கேளுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நானும் அந்தப் பேட்டியைப் பார்த்தேன். உங்கள் கடிதம் வராவிட்டாலும் இதை எழுதியிருப்பேன். அழுகை உண்மையா என்றால், உண்மைதான். சில வருடங்களுக்கு முன் ஒரு சேனலில் என்னையும் உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் டீப்பாயில் டிஷ்யூ பெட்டி. எடுக்க வசதியாக இரண்டு தாளை வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். முதல் நாளே ஒரு பெண் போன் செய்து, என் ஆத்தா எப்போது இறந்தாள், கடைசியாக என்ன பேசினாள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். எதற்கென்று அந்தத் தாள்களைப் பார்த்ததும் புரிந்தது. அழுகை வந்தது, பிடிவாதமாக அழவில்லை. என் பேச்சில் பாதியை வெட்டிவிட்டார்கள். அந்த நடிகையின் கண்ணீர் அவருடையதுதான் தம்பி. அதற்கு நேரம் குறித்தவர்கள் வேறு ஆட்கள்.

கண்டாங்கியைத் தொகுப்பாளினி 'செட்டிநாட்டுப் பட்டு' என்றதை விட்டுவிடலாம். (பருத்தி அம்மா அது! 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பருத்தி. சரி, விட்டுவிடலாம் என்றேன் அல்லவா.) என்னால் விட முடியாதது சாவிக்கொத்து. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது.

சீரியலில் அவருக்கு ஆச்சி வேஷம். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. நடக்கும்போது அது குலுங்கி மைக்கில் வசனத்தை அமுக்குகிறது என்று சாவிகளுக்கு நடுவே துணி சுற்றிவிட்டார்களாம். சத்தம் நின்றதும் தனக்கு நடையே வரவில்லை என்றார். "அந்தச் சத்தம்தான் என்னைய ஆச்சியா நடக்கவச்சுது. அதனால நான் என்ன பண்ணேன்னா..." என்று கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். முகமே மாறியிருந்தது. அத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்த முகம் இல்லை அது.

"சூப்பர் மேம்! எப்போ கல்யாணம்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்துவிட்டு, மறுபடியும் போட்டேன், திரும்ப அங்கே வருவார்களோ என்று. வரவில்லை.

தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்குக் கேமராவோடு போகிறவர்கள், கண்ணாடி மேல் வண்ணக் கலவையை எப்படி ஊற்றுகிறீர்கள், கல்லை எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போடுகிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்கிறார்கள். கல் போடுகிறவரிடம் உடம்பு ஏன் பெருத்துவிட்டது என்று யாரும் கேட்பதில்லை. நடிகையிடம் மட்டும் தொழிலைத் தவிர எல்லாவற்றையும் கேட்கலாம். மன்னார்குடியில் பிறந்து இதோ நம் பள்ளத்தூரில் வளர்ந்தவர் மனோரமா. நாடக மேடையிலிருந்து போய், 1958இல் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். நம் பக்கத்துச் சொல்லால் தமிழ்நாடே அவரை ஆச்சி என்று கூப்பிட்டது. ஒவ்வொரு வட்டாரப் பேச்சையும் நாக்கில் எப்படி ஏற்றிக்கொண்டார் என்பதை மட்டும் வைத்தே பத்துப் பேட்டி எடுத்திருக்க வேண்டாமா? 2015இல் போய்விட்டார். இனி யாரைப் போய்க் கேட்பது?

என் ஆத்தா படிக்காதவள். அவளுக்கு இது தெரிந்திருந்தது. 1940களில் ஏவி.எம். ஸ்டுடியோ இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் இருந்ததே, 'நாம் இருவர்' 1947இல் அங்கே உருவாகித்தானே வந்தது. அந்தக் காலத்தில் ஆத்தாவுக்குப் பத்து வயசு இருக்கும். அவளுடைய அப்பச்சியோடு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள். கூட்டத்தோடு ஆடுகிற ஒரு பெண், பேர் தெரியாது, மரத்தடியில் வாளித் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "வலிக்குதாக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "வீக்கம் வடிஞ்சாத்தான் சலங்கை கட்ட முடியும். மத்தியானத்துக்கு மேல இன்னும் இருக்குல்ல" என்றாளாம் அந்தப் பெண்.

வீட்டு வளவில் டிவி வந்த பிறகு எந்த நடிகை பேட்டிக்கு வந்து உட்கார்ந்தாலும் ஆத்தா சொல்வாள்: "காலப் பத்தி எவளாச்சும் கேக்குறாளா பாரு." வயசாகிவிட்டது, என்னமோ உளறுகிறாள் என்று சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

கடைத் திறப்புக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போங்கள். செல்ஃபிக்கு நெரிசலாக இருக்கும், சீக்கிரமே போய் நின்றுகொள்ளுங்கள். பேச வாய்ப்புக் கிடைத்தால் அழுகையைப் பற்றிக் கேட்டுத் தொலைக்காதீர்கள். துணி சுற்றியதற்கு அப்புறம் என்ன செய்தார் என்று கேளுங்கள். நீங்கள் வேண்டாம், மனைவியையே கேட்கச் சொல்லுங்கள். பதில் கிடைத்தால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.

அந்த வெள்ளைப் பணியாரம் சிவந்துபோனதைப் பற்றி மட்டும் வாயே திறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆச்சி