மலைக்கடையும் கூகுள் மேப்பும்: கேள்வி பதில்

ஊட்டி, சாக்லேட் கடை: அண்ணா, பக்கத்துக் கடைக்காரர் மேப்பில் கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஹோம்மேட் சாக்லேட் ஊட்டி' என்று சேர்த்து மேலே வந்துவிட்டார். நானும் சேர்க்கலாமா?

சேர்த்தால் மேலே வர வாய்ப்பு உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர்ப்பலகையில் இல்லாததைப் பெயரில் போடுவது கூகுள் விதிக்கு எதிரானது. யாராவது புகார் கொடுத்தால் பெயரைத் திருத்திவிடுவார்கள், சில சமயம் ப்ரொஃபைலையே, அதாவது மேப்பில் கடைக்கென்று இருக்கிற பக்கத்தையே, முடக்கிவிடுவார்கள். மே மாத சீசனில் முடங்கினால், மேல்முறையீடு முடிவதற்குள் சீசன் போய்விடும்.

அதைவிட முதன்மை வகையை, அதாவது ப்ரொஃபைலில் இது என்ன கடை என்று தேர்ந்தெடுக்கும் இடத்தை, பாருங்கள். பலர் 'கிஃப்ட் ஷாப்' என்று விட்டுவைத்திருக்கிறார்கள்; 'சாக்லேட் ஷாப்' என்று தனி வகையே இருக்கிறது. கூடுதலாக 9 வகை வரை சேர்க்கலாம், ஆனால் விற்காததைச் சேர்க்காதீர்கள். வர்க்கி, நீலகிரித் தைலம் எல்லாம் தயாரிப்புகள் பகுதியில் விலையோடு, படத்தோடு போகட்டும்.

குன்னூர், காட்டேஜ்: வருகிறவர்கள் எல்லாரும் கீழ் ரோட்டில் போய் நின்றுகொண்டு போன் செய்கிறார்கள். கேட் மேல் ரோட்டில் இருக்கிறது.

மலையில் இது தீராத தலைவலி. மேப்பில் இடத்தைக் காட்டும் 'பின்' (pin) குறி உங்கள் கட்டடத்தின் மேல் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரிவில் வீடு இருந்தால் நேர்கோட்டில் கீழ் ரோடு 20 மீட்டர், மேல் ரோடு 40 மீட்டர் என்று இருக்கும். மேப் கிட்டத்தில் இருக்கிற ரோட்டுக்குக் கூட்டிப் போய்விடும், நடுவில் தேயிலைச் சரிவு இருப்பது அதற்குத் தெரியாது. ப்ரொஃபைலில் முகவரியைத் திருத்தும் இடத்தில் சாட்டிலைட் காட்சிக்கு மாறி, பின்னை இழுத்து, கேட் மேல் ரோட்டைத் தொடும் இடத்தில் வையுங்கள். பிறகு வேறொருவர் போனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வழி போட்டுப் பாருங்கள். கேட்டின் படம் ஒன்றையும் ஏற்றுங்கள், வளைவு தெரிகிற மாதிரி.

மன்னவனூர், தங்கும் விடுதி: 'கொடைக்கானல் ஹோட்டல்' என்று தேடினால் நாங்கள் வருவதே இல்லை சார்.

வருவது கஷ்டம். தேடலில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கணக்கில் வரும். நீங்கள் டவுனிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறீர்கள். அந்தச் சண்டையை விட்டுவிட்டு 'மன்னவனூர்', 'கூக்கால்', 'பூம்பாறை பக்கம்' என்று தேடுகிறவர்களைப் பிடியுங்கள். இணையதளத்தில் பக்கத்தின் தலைப்பிலேயே மன்னவனூர் வரட்டும். டவுனிலிருந்து எப்படி வருவது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த நெட்வொர்க் எடுக்கும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தனிப் பக்கம் எழுதுங்கள். அதே பக்கத்தில் போன் நம்பரைப் படமாகப் போடாமல் எழுத்தாக, தொட்டால் கால் போகிற மாதிரி வையுங்கள். போட்டோ ஒவ்வொன்றும் 4 எம்பி இருந்தால், மலையில் கிடைக்கிற சிக்னலுக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. அகலம் 1200 பிக்சல், வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவம், 200 கேபிக்குள் போதும்.

கோத்தகிரி, டாக்ஸி: ஆபீஸ் கிடையாது, வீட்டிலிருந்தே ஓட்டுகிறேன். வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டுமா?

வேண்டாம். முகவரியை மறைத்துவிட்டு சேவைப் பகுதிகளை, அதாவது நீங்கள் வண்டி ஓட்டுகிற ஊர்களை, மட்டும் காட்டுங்கள். 20 வரை தரலாம். ஊட்டியில் நண்பர் கடை முகவரியில் இன்னொரு ப்ரொஃபைல் திறக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கொடைக்கானல், மலைப்பூண்டுக் கடை: ஐந்து ஸ்டார் போட்டால் கால் கிலோ பூண்டு இலவசம் என்று எழுதி வைக்கலாமா?

கூடாது. பரிசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ விதிமீறல், ரிவ்யூக்கள் மொத்தமாக அழிக்கப்படவும் கூடும். ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்கும் லிங்க்கும் க்யூஆரும் கிடைக்கும். கவுன்டரில் மட்டும் ஒட்டாமல் பில்லிலேயே அச்சடியுங்கள். மலையில் சிக்னல் இல்லாதவர் வத்தலக்குண்டு இறங்கி டீ குடிக்கும்போது எழுதுவார்.

ஊட்டி, பேக்கரி: மாதம் எட்டாயிரம் கொடுத்தால் முதலிடம் உறுதி என்று போன் வருகிறது.

முதலிடத்தை யாராலும் உறுதியாகத் தர முடியாது. மேப்பில் கடையைப் பதிவதற்குக் கட்டணமே இல்லை. வந்த ஓடிபியை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டுமென்றால் அவரை ப்ரொஃபைலில் 'மேனேஜர்' ஆகச் சேர்த்துக்கொள்ளுங்கள், 'ஓனர்' உங்கள் ஜிமெயிலிலேயே இருக்கட்டும்.