வீட்டில் தமிழ் மட்டும், பள்ளியில் ஆங்கிலம் மட்டும்: எல்.கே.ஜி. வகுப்பில் மூளை அறிவியலை எப்படிப் பயன்படுத்துவது?

பாம்பன் பக்கத்தில் ஓர் ஆங்கில வழி மழலையர் பள்ளி. எல்.கே.ஜி.யில் 24 பிள்ளைகள், எல்லாம் கடல் தொழில் குடும்பங்கள், எந்த வீட்டிலும் ஆங்கிலம் பேச ஆளில்லை. வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும்தான் என்பது விதி. ஆறு மாதம் ஆகியும் பிள்ளைகள் ரைம்ஸை மணி மணியாக ஒப்பிக்கிறார்கள், "வாட் இஸ் திஸ்?" என்றால் முழிக்கிறார்கள். இதற்கு மூளை அறிவியலில் வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. ஆனால் அதன் பெயரைச் சொல்லி விற்கப்படுவதை முதலில் வாசலுக்கு வெளியே வையுங்கள். கண்ணைக் கட்டி வாசிக்க வைக்கும் "மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்" வெறும் ஏமாற்று. மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். இடது மூளைப் பிள்ளை, வலது மூளைப் பிள்ளை என்றும் யாரும் கிடையாது. ஆறு வயதுக்குள் மூளை 85 சதவீதத்துக்கு மேல் வளர்ந்துவிடுகிறது என்ற வரி 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது. அதை வைத்துப் பெற்றோரைப் பயமுறுத்துபவர்கள், வளர்ச்சி வேறு கற்றல் வேறு என்பதைச் சொல்வதில்லை. ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018இல் சுமார் 6,70,000 பேரின் ஆங்கில இலக்கணத் திறனை அலசினார்கள். இலக்கணத்தை உள்வாங்கும் திறன் 17 வயதையொட்டித்தான் சரிகிறது. தாய்மொழிக்காரர் அளவுக்கு வர வேண்டுமென்றாலும் பத்து வயதை ஒட்டித் தொடங்கினால் போதும் என்பது அவர்கள் கண்டது. நாலு வயதுப் பிள்ளையை விரட்ட ஒரு காரணமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பாட்ரிஷியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனையில், அமெரிக்காவின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். மொத்தம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, டிவியில் வந்தபோது ஒன்றும் ஒட்டவில்லை. 2014இல் ரோஸ்பெரி குழு இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததில், வீடியோ அழைப்பில் பதிலுக்குப் பதில் பேசியபோது சொற்கள் ஏறின, பதிவு செய்த வீடியோவில் ஏறவில்லை. ஆக, குறை திரையில் இல்லை, பதில் வராததில் இருக்கிறது. ரேச்சல் ரோமியோவின் 2018 ஆய்வு உங்கள் வகுப்பு வயதையே எடுத்துக்கொண்டது: நாலு முதல் ஆறு வயது. வீட்டில் பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகள் எவ்வளவு அதிகமோ, கதை கேட்கும்போது மூளையில் பேச்சைக் கையாளும் புரோக்கா பகுதி அவ்வளவு நன்றாக வேலை செய்தது. குடும்ப வருமானத்தையும், காதில் விழுந்த சொற்களின் மொத்த எண்ணிக்கையையும் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே.

ரைம்ஸ் ஏன் பேச்சாக மாறவில்லை என்பது இதில் தெரிந்துவிடும். ஒப்பிப்பதில் யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

அதனால் 24 பேரையும் ஒரே கூட்டமாக வைத்துப் பாடம் நடத்துவதை நிறுத்துங்கள். ஆறு பேர் கொண்ட நாலு குழுவாகப் பிரித்து, ஒரு குழு டீச்சரிடம் 12 நிமிடம். மற்ற மூன்றும் ஆயாவின் பார்வையில் களிமண், மணல், கட்டைகள். நாலு குழுவும் சுற்றி வர 48 நிமிடம். கேள்வி கேட்டதும் மனசுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீள்கின்றன என்று மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். இரண்டாம் மொழிக்கு இன்னும் இரண்டு நொடி சேர்ப்பது என் கணக்கு. பிள்ளை "மிஸ், போட்ல ஓட்டை" என்றால் "இங்கிலீஷ்ல சொல்லு" என்று முட்டுக்கட்டை போடாமல், "எஸ்! தேர் இஸ் அ ஹோல் இன் த போட். வாட் கம்ஸ் இன்?" என்று நீட்டுங்கள். "தண்ணி" என்றாலும் அது பதில்தான். "வாட்டர் கம்ஸ் இன், ஓ நோ!" என்று திரும்ப எடுத்துக் கொடுத்தால் நாலு தடவை மாறி மாறிப் பேசியாகிவிட்டது.

ஆங்கிலம் மட்டும் என்ற விதியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த முறையின் முன்னோடி, 1965இல் கனடாவின் செயின்ட் லாம்பெர்ட்டில் ஆங்கிலக் குடும்பப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் நடத்திய மழலையர் வகுப்பு. அங்கே ஆசிரியருக்கு இரண்டு மொழியும் புரியும், ஆரம்பத்தில் பிள்ளைகள் தங்கள் மொழியில் பதில் சொல்லத் தடையில்லை, வீட்டு மொழியை யாரும் மட்டமாகப் பார்க்கவில்லை. நம் ஊரில் அந்த மூன்றையும் விட்டுவிட்டு, தமிழ் பேசினால் அபராதம் என்ற ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். பயந்த பிள்ளையின் கவனம் டீச்சர் முகத்தில் இருக்கும், சொல்லில் இருக்காது. எல்.கே.ஜி.யில் 15 நிமிட ஆங்கில நேரம் மூன்று, கூடவே தினசரி வழக்கத்துக்கான நாற்பது வாக்கியங்கள் (கை கழுவு, வரிசையில் நில், மூடியைத் திற), மீதி தமிழ் என்று வைத்தால் போதும். தடுமாறும் ஆங்கிலத்தை நாள் முழுக்கக் கேட்பதைவிட, பிழையில்லாத நாற்பது வாக்கியம் தினமும் காதில் விழுவது மேல்.

இதில் எதிர்ப்பக்கம் ஒரு பள்ளமும் உண்டு. ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் பின்னாலேயே தமிழைச் சொன்னால், ஆங்கிலத்தைக் காதில் வாங்காமல் தமிழுக்காகக் காத்திருக்கப் பிள்ளை பழகிவிடும். ஊகித்துத் தப்பாகி, திருத்திக்கொள்ளும்போதுதான் மூளை கற்கிறது; ஊகிக்கத் தேவையே இல்லையென்றால் கற்க ஒன்றுமில்லை. முதல் இரண்டு மூன்று தடவை தமிழ், அதன் பிறகு கைச்சைகை மட்டும்.

ஒலிகளுக்கு வருகிறேன். பலரும் கவனிக்காத இடம் இது. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய எல்லா மொழி ஒலிகளையும் பிரிக்கத் தெரியும். 10-12 மாதத்துக்குள் தன் மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளைக் காது கைவிடத் தொடங்கும். ஆய்வாளர்கள் வெர்கரும் டீஸும் 1984இல் இதைக் காட்டப் பயன்படுத்திய ஒலிகளில் இந்தி மொழியின் த, ட வேறுபாடும் ஒன்று. ஆங்கிலக் குழந்தைகள் இழக்கும் அது நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நமக்குத் தகராறு வேறு இடத்தில். பன்றியைச் சொல்லும் "பிக்", பெரியதைச் சொல்லும் "பிக்" இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றாகத்தான் வரும். இரண்டாவது "பிக்"கின் முதல் ஒலி நம்மிடம் இல்லாமல் இல்லை. "பாம்பன்" என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப வேறு, ம்-க்குப் பின் வரும் ப வேறு. இடத்தைப் பொறுத்துத் தானாக மாறுவதால் அதைத் தனி ஒலியாக நம் காது எண்ணுவதில்லை. ஆகவே ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குங்கள். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் துண்டைப் பிடித்து, காற்றை நன்றாகத் தள்ளி ஆங்கில "பென்" சொன்னால் தாள் பறக்கும். "பெல்" சொன்னால் பெரிதாக ஆடாது. தொண்டையில் விரல் வைத்தால் இரண்டாவதில் அதிர்வு முந்திக்கொள்ளும். தினம் மூன்று நிமிடம், ஒரு ஜோடி ஒலி, இரண்டு வாரம்.

ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கும் முறை) சொல்லித்தரும்போது நடக்கும் பெரிய தவறு, மெய்யொலியோடு ஓர் உயிரை ஒட்டவைப்பது. "க-அ-ட" என்று பிரித்துச் சொன்னால் எந்தப் பிள்ளையாலும் பூனையைச் சொல்லும் "கேட்" என்று கூட்ட முடியாது. புள்ளி வைத்த மெய்யெழுத்து நம் கையில் இருக்கும் வரம். ம், ஸ், ன், ஃப் என்று இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளை முதலில் எடுங்கள்; வெடித்து நிற்பவை பிறகு. "பஸ்ஸு", "போட்டு" என்று கடைசியில் உகரம் ஒட்டுவதையும் அப்போதே கவனித்துக்கொள்ளலாம், கண்டிக்காமல்.

சொற்களைப் பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து எடுங்கள். "ஐ ஃபார் இக்லூ" என்றால் பொருளும் புதிது, பெயரும் புதிது. சைலஃபோனில் எக்ஸின் ஒலியே கிடையாது. நண்டு, இறால், வலை, நங்கூரம், சங்கு, கணவாய் எல்லாம் மணமும் எடையும் ஈரமுமாக ஏற்கெனவே மண்டைக்குள் இருக்கின்றன. க்ராப், ப்ரான், நெட், ஆங்கர், ஷெல், ஸ்க்விட் என்று பெயரை மட்டும் மாட்டினால் போதும். வாரத்துக்கு ஆறு சொல். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த திங்கள், பிறகு இரண்டு வாரம் கழித்து என்று திரும்ப எடுக்க வேண்டும், பொருளைக் காட்டிப் பிள்ளையே சொல்லும்படி. தினம் பத்துச் சொல் கொடுத்து வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்தால் சனிக்கிழமை ஒன்றும் மிஞ்சாது.

கட்டளைகளையும் சுருக்குங்கள். நாலு வயதில் ஒரே சமயத்தில் மனதில் நிற்பது இரண்டு மூன்று துணுக்கு. "பையை வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் கடைசித் துண்டு மட்டும் தங்கும். அது அடங்காமை அல்ல.

எழுத்து: நாலு கோடு நோட்டை எல்.கே.ஜி.யில் எடுக்காதீர்கள். கரின் ஜேம்ஸ் 2012இல் எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, பார்த்துத் தானாக வரைந்த எழுத்துகள்தான் பிறகு மூளையின் வாசிப்புப் பகுதிகளைத் தூண்டின. புள்ளிக்கோட்டின் மேல் இழுத்ததும் தட்டச்சு செய்ததும் அந்த அளவுக்குத் தூண்டவில்லை. புள்ளிக்கோட்டு ஒர்க்ஷீட் கட்டுகளைக் குறைத்துவிட்டு மணல் தட்டுக்கு வாருங்கள். ஓரடி அகலத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் மணல். கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், கீறல் விழுந்த விரலில் எரியும். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, வெயிலில் காயவைத்து, சல்லடையில் சிப்பித் துணுக்கு நீக்கிய பிறகு பயன்படுத்துங்கள். சிறிய பி-யையும் (b) டி-யையும் (d) ஒரே மாதத்தில் சொல்லித்தரவும் கூடாது. இடம் வலம் திரும்பினாலும் நண்டு நண்டுதான் என்று பழகிய கண்ணுக்கு அவை ஒன்றே; ஆறேழு வயது வரை திருப்பி எழுதுவது நோய் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மதரஸாவில் அரபு எழுத்து படிக்கும் பிள்ளைகள் வலமிருந்து தொடங்கினால் அதட்ட வேண்டாம். தாளின் இடது ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று வைத்தால் போதும்.

அடுத்து இரைச்சல்: தகரக் கூரை, கடல் காற்று, தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு. பெரியவர் காது விடுபட்ட ஒலியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். தெரியாத மொழியில் பிள்ளையால் அது முடியாது. சோதிப்பது எளிது: கடைசி வரிசையில் முதுகைத் திருப்பி ஒரு டீச்சர் நிற்க, முன்னாலிருந்து மற்றவர் சாதாரணக் குரலில் பத்துத் தனிச்சொற்களைச் சொல்லட்டும். கேட்டதை எழுதியதில் ஒன்பதுக்குக் கீழே சரியாக இருந்தால் அறை சரியில்லை. கயிற்றுப் பாய் விரிப்பு, தட்டி மேல் தடித்த துணி, காற்று வரும் பக்கத்து ஜன்னலை ஆங்கில நேரத்தில் மட்டும் சாத்துவது, குழுவை இரண்டு மீட்டருக்குள் உட்கார வைப்பது. இவ்வளவுக்கும் ஸ்மார்ட் டிவி விலையில் ஒரு துளிதான் ஆகும்.

மதியத் தூக்கத்தையும் வெட்டாதீர்கள். 2013இல் மழலையர் பள்ளிகளில் நடந்த ஆய்வில், மதியம் தூங்காமல் விட்ட பிள்ளைகள் காலையில் கற்றதில் இழந்ததை இரவுத் தூக்கம் ஈடுகட்டவில்லை, முக்கியமாக மதியத் தூக்கம் பழகிய பிள்ளைகளுக்கு. புதுச் சொற்களையும் கதையையும் தூங்குவதற்குச் சற்று முன் வையுங்கள்.

கடைசியாக, வாயே திறக்காத பிள்ளைகள். புது மொழிச் சூழலில் சில மாதம் மௌனமாக இருப்பது வழக்கமான கட்டம். அந்த நேரத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கும். "டச் த க்ராப்" என்றால் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள், சொல்லச் சொல்லாதீர்கள். வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை என்றால் கவலையில்லை. தமிழிலும் பேச்சு குறைவு, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, அடிக்கடி காதில் சீழ் வடிகிறது என்றால் மௌனக் கட்டம் என்று சும்மா இருக்கக் கூடாது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, செவித்திறன் சோதனைக்கு எழுதி வாங்குங்கள். அந்தப் பிள்ளையின் தாயிடம், வீட்டில் அரைகுறை ஆங்கிலம் பேசச் சொல்லாமல், கரையில் பாசியோ மீனோ பிரிக்கும்போது பிள்ளையோடு தமிழில் வாய் நிறையப் பேசச் சொல்லுங்கள்.