தம்பி மஜ்ஜை நிக்கலைன்னா ரெண்டாவது மாற்று எப்போ?

அண்ணாச்சி, பாப்பாவுக்கு தலசீமியா (சிவப்பணு சரியா ஊறாத பரம்பரை நோய்), அவ தம்பி மஜ்ஜை வச்சு எட்டு மாசத்துல கொடையாளி செல் 12 சதவீதமா இறங்கி, திரும்ப ரத்தம் ஏத்துறோம், ரெண்டாவது மாற்று உடனே வேணுமான்னு அம்பாசமுத்திரத்துல இருந்து கேட்டிருக்கீங்க.

வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் நல்லா இருந்தா, அவளோட சொந்த மஜ்ஜையே திரும்பிட்டுதுன்னு அர்த்தம். பதறாதீங்க. எல்லாமே சேர்ந்து விழுந்தாத்தான் அவசரம்.

இந்த இடைவெளியில, ரத்தம் ஏத்தி ஏத்தி உடம்புல சேர்ந்த இரும்பை இறக்குங்க. ஃபெரிட்டின்ங்கிற ரத்தப் பரிசோதனை மட்டும் பத்தாது. இதயம், கல்லீரல் ரெண்டுக்கும் இரும்பு எவ்வளவு படிஞ்சிருக்குன்னு காட்டுற டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கணும். முதல் தடவை, பழைய மஜ்ஜையை அழிக்கிற புசல்ஃபான் மருந்து கொடுத்திருந்தா, அதையே முழு அளவுல திரும்பக் கொடுக்கையில கல்லீரலோட ரத்த நுண்குழாய் அடைபடுற ஆபத்து கூடும். அதனால பெரும்பாலும் மருந்தையே மாத்துவாங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில மருந்துப் பேரு, மொத்த அளவு, ஏத்துன செல் எண்ணிக்கை இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கேட்டு வாங்கிருங்க, ரெண்டாவது திட்டமே அதை வச்சுத்தான்.

தம்பியே மறுபடி கொடுக்கலாம். அவன் எடையில கிலோவுக்கு 20 மி.லி.க்கு மேல எடுக்க மாட்டாங்க. பாதிப் பொருத்தத்துல நீங்களோ அம்மாவோ கொடுக்குறதா இருந்தா, உங்க செல்லுக்கு எதிரா அவ ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு முன்னாடியே பார்க்கணும்.

மாமா மாதிரி சொந்தக்காரங்க ரத்தம் கொடுக்க முன்வந்தா அது பாசம்தான், ஆனா வேண்டவே வேண்டாம். சொந்தக்காரங்க ரத்தம் ஏறினா, அந்த ஆன்டிபாடி உருவாகி அடுத்த மஜ்ஜையையும் தள்ளிரலாம். வெள்ளையணு வடிகட்டி, கதிர்வீச்சு கொடுத்த ரத்தமா கேளுங்க.

மருந்து ஏத்த நெஞ்சுல வச்ச குழாய் (லைன்) இன்னும் இருந்து காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா, விடியட்டும்னு இருக்காதீங்க. நேரா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி). போற வழியிலேயே மாற்று செஞ்ச டாக்டருக்குப் போன் போடுங்க.