வாய்க்கு முன் காது பழகட்டும்

கேள்வி: 30 வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். மெல்பேர்னில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறேன். வீடியோ காலில் அவனுடைய நண்பர்கள் பேசுவது எனக்குப் பாதிகூடப் புரியவில்லை, வெட்கமாக இருக்கிறது. அந்த ஊர்ப் பேச்சுச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யட்டுமா?

பதில்: வெட்கப்பட ஒன்றுமே இல்லை, டீச்சர். உங்கள் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்தான். ஆஸ்திரேலியர்கள் சொல்லைப் பாதியில் வெட்டி, வாலில் ஓர் 'ஓ'வோ 'ஈ'யோ ஒட்டிவிடுவார்கள். ஆஃப்டர்நூன் 'ஆர்வோ' ஆகும். பெட்ரோல் போடும் சர்வீஸ் ஸ்டேஷன் 'சர்வோ', காலை உணவு 'பிரெக்கி'. இந்த வழக்கம் பிடிபட்டுவிட்டால், கேட்டே இராத சொல்லையும் ஊகித்துவிடலாம்.

அதனால் மனப்பாடம் வேண்டாம். ஊருக்கு ஊர் சொல்லும் மாறும்: நீச்சல் உடை மெல்பேர்னில் 'பேதர்ஸ்', சிட்னியில் 'ஸ்விம்மர்ஸ்'.

நீங்கள் கவனிக்க வேண்டியது புதுச் சொற்களை அல்ல, ஏற்கெனவே தெரிந்த சொற்களை. தெரியாத சொல் வந்தால் கேட்டுவிடுவோம். தெரிந்த சொல்லாக இருந்தால் தலையாட்டிவிடுவோம், அங்கேதான் சிக்கல். விருந்துக்குக் கூப்பிட்டு 'பிரிங் எ பிளேட்' என்றால், எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது சமைத்துக்கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். வெறும் தட்டோடு போய் நின்றவர்கள் உண்டு. சில வீடுகளில் 'டீ' என்பது ராத்திரிச் சாப்பாடு. கடையில் 'மான்செஸ்டர்' என்று போர்டு இருந்தால் அங்கே படுக்கை விரிப்பும் துண்டும் கிடைக்கும். 'நாட் பேட்' என்பது பெரும்பாலும் பாராட்டுதான்.

என் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அங்கே போன புதிதில் கடையில் பணம் கட்ட நின்றிருக்கிறார். கல்லாவில் இருந்த பெண் 'ஹவ் யா கோயிங்?' என்று கேட்க, இவர் 'பை ட்ராம்' என்றிருக்கிறார். அது நலம் விசாரிப்பு. 'குட் தேங்க்ஸ், யூ?' என்றால் போதும். டீச்சர், இந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒரு நாளில் நாலைந்து முறையாவது கேட்பார்கள்.

மற்றதெல்லாம் காதுக்கான பயிற்சி. ஏபிசி ரேடியோ மெல்பேர்னை இணையத்தில் கேட்கலாம். செய்தியை விடுங்கள், நேயர்கள் போனில் பேசும் பகுதியை தினமும் 20 நிமிடம் கேளுங்கள். முதல் சில நாள் வெறும் இரைச்சலாக இருக்கும், அப்புறம் சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும். வீடியோ காலில் புரியாத இடத்தில் அந்தப் பிள்ளைகளையே நிறுத்தி அர்த்தம் கேளுங்கள். ஆசையாகச் சொல்லித்தருவார்கள்.

'மேட்' (நண்பா), 'நோ வொரீஸ்' (பரவாயில்லை) எல்லாம் தானாக வாயில் வரும்போது வரட்டும், வராவிட்டாலும் குறைவில்லை. போய் இறங்கிய முதல் வாரம் மகனோடு கடைக்குப் போனால், கல்லாவில் நீங்களே முன்னால் நில்லுங்கள். அவன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கட்டும்.