ஸ்டேட்மென்ட்டில் தெரியாத உணவு டெலிவரிச் செலவு இருந்தால்

தம்பி, வெளிநாடு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் உணவு டெலிவரி என்று மூன்று வரியில் பணம் எடுத்ததாக இருக்கிறது, ஒன்றும் நினைவில் இல்லை, போட்டிருக்கும் ஊருக்குப் போனதே இல்லை, கார்டை பிளாக் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் இன்றைக்கே உட்காருங்கள், சனி ஞாயிறுக்குத் தள்ள வேண்டாம்.

அந்த ஊர்ப் பெயரை நம்பிக் குழம்ப வேண்டாம். கார்டு வழியாகப் பேங்குக்குப் போகும் தகவலில் கடையின் பெயர், ஊர், நாடு எல்லாம் சேர்ந்து 40 எழுத்துக்குள் அடங்கியாக வேண்டும். அதனால்தான் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. ஊர் என்று வருவதும் பல நேரம் சாப்பாடு வந்த ஊர் இல்லை, பணத்தை வாங்கிய கம்பெனி பதிவாகியிருக்கும் ஊர். டோர்டேஷ் என்ற டெலிவரி கம்பெனி என்றால் 'டிடி' (DD) என்று இரண்டெழுத்து, ஒரு நட்சத்திரக் குறி, அப்புறம் கம்பெனிப் பெயர், ஊர் சான் பிரான்சிஸ்கோ என்று வரலாம். 'எஸ்க்யூ' (SQ) என்று தொடங்கினால் ஸ்கொயர், 'டிஎஸ்டி' (TST) என்றால் டோஸ்ட். இவை இரண்டும் உணவகங்களுக்காகக் கார்டுப் பணத்தை வாங்கித் தருபவை. நட்சத்திரத்துக்கு முன்னால் இருப்பது பணத்தை வாங்கிய கை, பின்னால் இருப்பது அது போய்ச் சேரும் இடம் என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

அடுத்து தொகை. பைசா வரைக்கும் சரியாக அந்த எண்ணை உங்கள் மெயிலில் போட்டுத் தேடுங்கள். டெலிவரி ஆப்பில் பழைய ஆர்டர்களையும் திறந்து பாருங்கள். தேதி சில நாள் தள்ளி இருக்கலாம். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டது செவ்வாய்க்கிழமை பதிவாகலாம். மூன்று வரியும் ஒரே ஆர்டராகவே இருக்க வாய்ப்புண்டு. முதலில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், ஒரு பொருள் தீர்ந்துபோனால் வேறு தொகையைக் கடைசியாக எடுப்பார்கள், பிறகு நீங்கள் சேர்த்த டிப்ஸ் தனியாக வரலாம். 'பெண்டிங்' என்று போட்டிருப்பது சில நாளில் தானே மறைந்துவிட்டால் அது எடுத்த பணமே இல்லை. கம்பெனி வேறு நாட்டிலிருந்து பணம் எடுத்திருந்தால், பேங்க் அதற்கொரு வெளிநாட்டுக் கட்டணத்தைத் தனி வரியாகப் போட்டிருக்கலாம்.

மாதாமாதம் அதே நாளில் அதே தொகை என்றால் அது மெம்பர்ஷிப். முதல் ஆர்டரில் 'டெலிவரி இலவசம்' என்று ஒரு பட்டனை அழுத்தியிருப்பீர்கள், இலவச மாதம் முடிந்து காசு ஓட ஆரம்பித்திருக்கும். ஆப்பிலேயே நிறுத்தலாம்.

கூட தங்கியிருப்பவர்களையும் கேளுங்கள். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் வந்த முதல் வருடம், தெரியாத ஒரு வரியைப் பார்த்து வயிறு கலங்கி, யாரையும் கேட்காமல் கார்டை பிளாக் செய்தேன். அது ரூம்மேட் போட்ட ஆர்டர். ஒரு நாள் அவன் கார்டு வேலை செய்யவில்லை என்று என் கார்டை அவன் போனில் நானே போட்டுக் கொடுத்திருந்தேன். அது அப்படியே சேமிப்பாகி, அடுத்த ஆர்டருக்கும் அதிலிருந்தே போய்விட்டது. புதுக் கார்டு தபாலில் வரப் பத்து நாள். அதற்குள் அந்தக் கார்டில் கட்டி வந்த போன் பில் நின்று, லைன் துண்டானது. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துப் பயந்துபோனார். இன்னொன்று: உங்கள் ஆர்டரையே தெரியாமல் 'நான் செய்யவில்லை' என்று பேங்கில் புகார் கொடுத்தால், ஆப் கம்பெனி உங்கள் கணக்கை முடக்கிவிடக்கூடும்.

சரி, எதுவுமே பொருந்தவில்லையா? அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். தொகை சின்னது என்று விடவும் கூடாது. திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று முதலில் சின்னத் தொகையில்தான் பார்ப்பார்கள். பேங்க் ஆப்பில் கார்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணுக்கே கூப்பிடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண் வேண்டாம், அங்கே மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

உங்கள் ஆப் கணக்கிலேயே, தெரியாத முகவரிக்கு ஆர்டர் போயிருந்தால் விஷயம் வேறு. அங்கே களவு போனது உங்கள் பாஸ்வேர்டு. கார்டை மட்டும் மாற்றினால் போதாது. ஆப்பின் பாஸ்வேர்டையும் மெயிலின் பாஸ்வேர்டையும் மாற்றி, சேமித்த கார்டை நீக்குங்கள்.

பேங்கில் சொல்வதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அனுமதியில்லாமல் எடுத்த பணத்தைப் பற்றித் தெரிந்தவுடன் சொல்ல வேண்டும், அதிகபட்சம் 13 மாதம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு என்றால் ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே டெபிட் கார்டு தொலைந்தாலோ திருட்டுப் போனாலோ இன்னும் கடுமை: தெரிந்து 2 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது, தாண்டினால் 500 டாலர் வரை போகலாம், ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாளும் தாண்டினால் அதற்கு மேலும் போகலாம். அதனால்தான் ஆப்களில் டெபிட் கார்டைச் சேமிக்காதீர்கள் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

தேடிப் பார்த்தும் பிடிபடாவிட்டால் அந்த மூன்று வரியை அப்படியே, தொகையோடும் தேதியோடும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். கார்டு எண்ணை மட்டும் எழுத வேண்டாம்.