சிபேனல்ல பிஎச்பி செட்டிங்: இந்த தடவை வந்த கேள்விகள்

சேர்ந்து கிடந்த கேள்விகள்ல பிஎச்பி (வேர்ட்பிரஸ் மாதிரி சைட்டை சர்வர்ல ஓட்டுற மொழி) சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்திருக்கேன். கேட்டவங்க எல்லாருமே சிபேனல் (சைட் செட்டிங்கை மாத்துற கன்ட்ரோல் பேனல்) இருக்கிற ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரை பல பேர் பங்கு போட்டுக்கிறது) தான் வெச்சிருக்கீங்க, அதனால அதையே மனசுல வெச்சு சொல்றேன்.

கேள்வி: வேர்ட்பிரஸ்ல தீம் ஜிப் ஏத்துனா ஃபைல் சைஸ் அதிகம்னு எரர். மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்ல அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸை 64-னு மாத்தி சேவ் பண்ணேன், இன்னும் அதே எரர் தான் வருது. ஏன் சார்?

நீங்க போட்டது வெறும் 64-ஆ, 64எம்-ஆ? அந்த எம் எழுத்தை விட்டுட்டா பிஎச்பி அதை 64 பைட்டுன்னு தான் எடுத்துக்கும், ஒரு வரி டெக்ஸ்ட் ஃபைல் கூட ஏறாது. முதல்ல அதை பாருங்க. அடுத்தது போஸ்ட் மேக்ஸ் சைஸ், இது பக்கத்துலயே இருக்கும், ஆனா யாரும் கண்டுக்கிறதில்ல. ஃபார்ம்ல இருந்து போற மொத்த டேட்டாவுக்கும் இது தான் எல்லை, சாதாரணமா 8எம், அப்லோடுக்கு வெறும் 2எம். அப்லோடை 64எம் ஆக்கிட்டு இதை 8-லயே விட்டா 8-க்கு மேல ஒண்ணும் நகராது, இதை 72எம் மாதிரி கொஞ்சம் கூடவே வைங்க.

அப்புறம் எடிட்டர்ல மேல ஒரு டிராப்டவுன் இருக்குல்ல, அதுல ஹோம் டைரக்டரின்னு விட்டுடாம உங்க டொமைனையே செலக்ட் பண்ணுங்க. சேவ் பண்ண உடனே மாறலைன்னா பதறாதீங்க, அந்த எடிட்டர் உங்க ஃபோல்டர்ல .யூசர்.ஐஎன்ஐ-னு ஒரு ஃபைல் எழுதி வைக்கும், அதை பிஎச்பி 300 செகண்டுக்கு ஒரு தடவை தான் திரும்ப படிக்கும், அஞ்சு நிமிஷம் பொறுங்க. உண்மையில எது ஓடுதுன்னு தெரியணும்னா பிஎச்பிஇன்ஃபோ ஃபைல் (ஓடுற பிஎச்பி செட்டிங்கை எல்லாம் காட்டுற சின்ன ஃபைல்) ஒண்ணு போட்டு திறந்து பாருங்க, அதுல லோக்கல் வேல்யூ காலம் தான் உங்க சைட்டுக்கு உள்ளது. பாத்து முடிச்சதும் அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க, சர்வரோட மொத்த ஜாதகமும் அதுல இருக்கும்.

கேள்வி: நெட்ல பாத்து .எச்டிஅக்சஸ்ல பிஎச்பி வேல்யூன்னு ரெண்டு வரி சேத்தேன், மொத்த சைட்டும் 500 எரர் ஆயிடுச்சு.

அந்த ரெண்டு வரியை எடுத்துடுங்க, சைட் வந்துடும். அது அப்பாச்சிக்குள்ளயே (பேஜை அனுப்புற வெப் சர்வர் சாஃப்ட்வேர்) பிஎச்பி மாட்யூலா ஓடுன காலத்து வழி. உங்க ஹோஸ்ட்ல பிஎச்பி தனியா, எஃப்பிஎம்-ஆவோ சிஜிஐ-ஆவோ ஓடுதுன்னா அப்பாச்சிக்கு அந்த வரி என்னன்னே தெரியாது, அதான் 500. அதே செட்டிங்கை ஐஎன்ஐ எடிட்டர்ல போடுங்க.

கேள்வி: பிஎச்பி 7.4-ல நல்லா ஓடிட்டிருந்த சைட்டு, 8.2-க்கு மாத்துனதும் வெள்ளை ஸ்கிரீன். திரும்ப 7.4-க்கே போயிட்டேன். அப்படியே விட்டுடலாமா அண்ணா?

விடாதீங்க. 7.4-க்கு பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பர் 28-ஓட முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டை எதுக்கும் பிஎச்பி குரூப் மருந்து தரல. கஸ்டமர் போன் நம்பர், ஆர்டர்னு வெச்சிருக்கிற சைட்டை அதுல ஓட்டுறது எனக்கு சரியா படல.

வெள்ளை ஸ்கிரீன்னு சொல்றீங்களே, அதுக்கு பின்னாடி கண்டிப்பா ஒரு ஃபேட்டல் எரர் இருக்கு, திரையில காட்டாம இருக்கு அவ்வளவு தான். ஃபைல் மேனேஜர்ல போய் சைட் ஃபோல்டர்ல எரர் லாக்-னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாருங்க, கடைசி வரியில எந்த ஃபைல், எத்தனாவது லைன்னு இருக்கும். அந்த பாதையில ப்ளகின்ஸ்னு வந்தா அதுக்கு அடுத்து வர்ற பேர் தான் குற்றவாளி, அதை அப்டேட் பண்ணுங்க, அப்டேட்டே இல்லாத ப்ளகின்னா மாத்து தேடுங்க. சொந்தமா எழுதுன பழைய கோடுன்னா கிரியேட் ஃபங்ஷன், ஈச் இது ரெண்டையும் தேடுங்க, ரெண்டையும் 8.0-ல தூக்கிட்டாங்க. ஸ்டிரிங்ல ஒரு எழுத்தை எடுக்க நெளிவு பிராக்கெட் போடுற பழக்கமும் போச்சு, சதுர பிராக்கெட் தான். கவுன்ட் ஃபங்ஷனுக்குள்ள நல் (காலி மதிப்பு) போனா முன்னாடி வார்னிங்கோட தப்பிச்சுடும், இப்ப அங்கேயே நின்னுடும்.

லைவ் சைட்டுல இந்த சோதனை வேணாம். ஒரு சப்டொமைன் போட்டு அங்க ஃபைல், டேட்டாபேஸ் ரெண்டையும் காப்பி பண்ணுங்க, மல்டிபிஎச்பி மேனேஜர்ல அந்த சப்டொமைனுக்கு மட்டும் 8.2 டிக் பண்ணி மாத்தலாம், மெயின் சைட் 7.4-லயே நிக்கும். எல்லா பேஜும் ஓடுனதுக்கப்புறம் மெயினை மாத்துங்க.

இன்னொண்ணு, உங்க பேனல்ல செலக்ட் பிஎச்பி வெர்ஷன்-னு தனி ஐகான் இருந்தா அது கிளவுட்லினக்ஸ் (ஷேர்டு ஹோஸ்டிங் சர்வருக்கான ஆபரேட்டிங் சிஸ்டம்) சமாச்சாரம். அங்க ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எக்ஸ்டென்ஷன் (பிஎச்பி கூட சேர்ற கூடுதல் வசதி) லிஸ்ட் தனித்தனி, 7.4-ல நீங்க டிக் பண்ணது 8.2-க்கு தானா வராது. மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) எக்ஸ்டென்ஷன் இல்லைன்னு வேர்ட்பிரஸ் கத்துச்சுன்னா கோடு மேல சந்தேகப்படாம அங்க போய் மைஎஸ்க்யூஎல்ஐ-ய டிக் பண்ணுங்க.

கேள்வி: ஸ்கூலுக்கு மார்க் என்ட்ரி பேஜ் ஒண்ணு செஞ்சு குடுத்தேன். 45 பசங்க, எல்லாம் டைப் பண்ணி சேவ் குடுத்தா கடைசி அஞ்சாறு பேர் மார்க் மட்டும் விழ மாட்டேங்குது. எரரும் வரல. தலையே சுத்துது.

ஒரு பையனுக்கு எத்தனை கட்டம்? அஞ்சு பாடம், பாடத்துக்கு அஞ்சு கட்டம்னா 25, அப்ப 45 பேருக்கு 1125 கட்டம். பிஎச்பி ஒரு ஃபார்ம்ல 1000 இன்புட் தான் வாங்கிக்கும், மேக்ஸ் இன்புட் வார்ஸ்-ங்கிற செட்டிங்கோட டிஃபால்ட் அது. அதுக்கு மேல வர்றதை அப்படியே கீழ போட்டுட்டு மிச்சத்தை வெச்சு வேலையை தொடரும், எரர் லாக்ல மட்டும் ஒரு வார்னிங் வரும். கணக்கு போட்டு பாருங்க, சரியா 40 பேரோட 1000 முடியுது, உங்களுக்கு போறது கடைசி அஞ்சு பேரோடது. பேர் வரிசைன்னா ஒவ்வொரு பரீட்சைக்கும் அதே பசங்க மார்க் தான் போகும், அதனால இதை இன்னைக்கே சரி பண்ணுங்க. ஐஎன்ஐ எடிட்டர்ல 3000 வைங்க. மூடுல் (ஆன்லைன் வகுப்பு நடத்துற சாஃப்ட்வேர்) வெச்சிருக்கிறவங்களுக்கும் இது தெரியட்டும், பிஎச்பி 8-ல அது 5000 கேக்கும். ஏற்கனவே சேவ் ஆன பழைய பரீட்சை மார்க்கையும் ஒரு தடவை பேப்பரோட ஒப்பிட்டு பாத்துடுங்க.

கேள்வி: மெமரி லிமிட் 2ஜி வெச்சா சைட் வேகமாகுமா?

ஆகாது. அது ஒரு ரிக்வெஸ்ட் எவ்வளவு வரைக்கும் சாப்பிடலாம்ங்கிற உச்சவரம்பு மட்டும் தான். உங்க அக்கவுண்டுக்கே 1ஜிபி ராம் தான் குடுத்திருக்காங்கன்னா 2ஜி போட்டு என்ன பண்ண முடியும்? 134217728 பைட்ஸ் எக்ஸாஸ்டட்-னு எரர் வந்தா அது 128எம் பத்தலைன்னு அர்த்தம், அப்ப 256எம் ஆக்குங்க. அதுவும் பத்தலைன்னா ஏதோ ஒரு ப்ளகின் தப்பா ஓடுது, நம்பரை ஏத்திக்கிட்டே போறதை நிறுத்திட்டு அதை கண்டுபிடிங்க.

கேள்வி: டிஸ்பிளே எரர்ஸ் ஆன்ல இருந்தா தப்பா?

லைவ் சைட்டுல தப்பு தான். ஃபோல்டர் பாதை, சில நேரம் டேட்டாபேஸ் யூசர் பேர் வரைக்கும் வர்றவன் போறவனுக்கெல்லாம் தெரியும். அதை ஆஃப் பண்ணிட்டு லாக் எரர்ஸ் ஆன் பண்ணுங்க, உங்களுக்கு வேண்டியது லாக்ல இருக்கும்.

கேள்வி: டேட் டைம்ஜோன்ல ஏசியா/கொல்கத்தா போட்டும் காலைல 6 மணிக்கு போக வேண்டிய கிரான் மெயில் பதினொன்றரைக்கு போகுது. இப்ப எக்ஸ்டென்ஷன் இல்லைன்னு எரர் வேற.

ரெண்டும் வேற வேற. கிரான் (குறிச்ச நேரத்துல வேலையை தானா ஓட்டுறது) சர்வர் கடிகாரத்தை தான் பாக்கும், பிஎச்பி டைம்ஜோனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சர்வர் யூடிசி-ல (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி) இருக்கு, அதான் அஞ்சரை மணி நேரம் தள்ளி போகுது. காலை 6-க்கு வேணும்னா கிரான்ல 0 மணி 30 நிமிஷம்னு போடுங்க. மைஎஸ்க்யூஎல்-ஓட நவ் ஃபங்ஷன் கூட சர்வர் நேரம் தான் குடுக்கும், அதையும் கவனிங்க.

எக்ஸ்டென்ஷன் எரர் வர்றது, வெறும் பிஎச்பி-ன்னு கமாண்ட் குடுத்தா சர்வரோட டிஃபால்ட் வெர்ஷன் ஓடுறதால, நீங்க டொமைனுக்கு செலக்ட் பண்ண வெர்ஷன் இல்ல அது. அதோட கமாண்ட் லைன்ல ஓடும்போது .யூசர்.ஐஎன்ஐ-ய படிக்கவே படிக்காது, நீங்க எடிட்டர்ல மாத்துனது எதையும் நம்ப வேணாம். கிரான் ஜாப்ஸ் பேஜ்லயே டொமைனுக்கான மாதிரி கமாண்ட் காட்டியிருப்பாங்க, யூஎஸ்ஆர், லோக்கல், பின், அதுக்கப்புறம் இஏ-பிஎச்பி82-ன்னு வரும், அதை முழுசா போட்டு பின்னாடி ஸ்கிரிப்டோட முழு பாதையும் குடுங்க. டைம்ஜோனை ஸ்கிரிப்டோட முதல் வரியிலயே செட் பண்ணிடுங்க.